திரைக்குப் பின்னால்

ஆரோவில்லிலிருந்து மரக்காணத்துக்குப் போகும் வழியில், உப்பளப் பாத்திகளைக் கண்ட என் நண்பர் ஒரு கேள்வி போட்டார்: “1930-ல் உப்புச் சட்டத்தை மீறியவரைத் தியாகி என்கிறீர்கள். காகிதக் கம்பெனி வைத்து வருமானத்தை மறைப்பவனை மட்டும் ஏன் ஸார் திருடன் என்கிறீர்கள்? இருவரும் சர்க்காருக்கு வரி கொடுக்காதவர்கள்தாமே?”

கேள்வி சாமர்த்தியமானதுதான். ஆனால் காந்திஜி சட்டத்தை மீறப்போவதாக மார்ச் 2-ந் தேதியே வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதிவிட்டார். ராஜாஜி வேதாரண்யத்தில் ஊரறிய உப்பு அள்ளி, சிறைக்குப் போனார். இருவருக்கும் அதில் காலணா லாபம் கிடையாது.

அதற்குச் சில வருஷம் முன்பு, பம்பாய் ஹைகோர்ட்டில் வேறொரு வழக்கு நடந்தது. சர் தின்ஷா பெடிட் பெருஞ்செல்வர். நான்கு கம்பெனிகளைத் தொடங்கித் தம் முதலீடுகளை அவற்றின் பெயரில் மாற்றினார். வட்டியும் பங்கு லாபமும் கம்பெனிக் கணக்கில் ஏறின; பிறகு ‘கடன்’ என்ற பெயரில் அவர் கைக்கே திரும்பி வந்தன. கடனுக்கு ஏது வரி? கோர்ட்டு திரையை விலக்கிப் பார்த்தது. கம்பெனி என்று அங்கே தனியாக எதுவும் இல்லை. எல்லாம் அவரே என்று தீர்ப்பளித்தது.

கம்பெனியும் சட்டப்படி ஒரு தனி நபர் என்று 1896-ல் இங்கிலாந்தில், ஸாலமன் வழக்கில், முடிவாயிற்று. நல்ல ஏற்பாடுதான். பலர் சேர்ந்து முதல் போட்டுத் தொழில் நடத்த அது வேண்டும். ஆனால் எதையும் செய்யாத, எதையும் விற்காத கம்பெனிக்கு ஒரே வேலைதான் உண்டு: முதலாளியின் பெயரை மறைப்பது. 2016-ல் பனாமா வக்கீல் நிறுவனம் ஒன்றின் தஸ்தாவேஜுகள் வெளியானபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளும் டிரஸ்டுகளும் அவற்றில் இருந்தன. எல்லாமே மோசடி என்று சொல்லமாட்டேன். பெயரை மறைக்க எவ்வளவு பெரிய சந்தை இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

உப்பளத்தில் பலகை இழுக்கிறவர் எந்தத் திரைக்குப் பின்னால் போவார்? அவர் வாங்கும் சோப்பின் விலையிலேயே வரி இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த நாட்களுக்காக உப்பளக் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. அந்தப் பணமும் யாரோ கட்டிய வரிதான். ஒருவர் ஒளித்த பங்கை இன்னொருவர் சுமக்கிறார், அல்லது ஒரு வீட்டில் அடுப்பு எரிவதில்லை.

வரி அநியாயம் என்று எண்ணுகிறவர் மேடையேறிச் சொல்லட்டும், வழக்காடட்டும், துணிவிருந்தால் மறுத்துவிட்டுச் சிறைக்கும் போகட்டும். ஊரறியச் செய்ய முடியாத காரியத்துக்கு உரிமை என்று பெயர் சூட்டுவது மட்டும் வேண்டாம்.