பழுதைச் சுமப்பதும் பழுதை மறைப்பதும்

பழுதென்று தெரிந்த ஒரு பொருளை நாம் எவ்வளவு காலம் பயன்படுத்தலாம்? இக்கேள்வியை வகுப்பறையில் கேட்டால் விடை சுலபமாக வந்துவிடும். பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஏறும் பாதையோரத்தில், பொனட்டைத் திறந்துவிட்டு ஆவி அடங்கக் காத்திருக்கும் ஒரு பழைய காரின் அருகில் நின்று கேட்டால் அவ்வளவு சுலபமாக வராது. அன்பான வாசகரே, இவ்வாரம் அந்தக் காரை முன்னிட்டுச் சிலவற்றைச் சிந்திப்போம்.

ஊவாவில் பழைய கார் வைத்திருப்பவரை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதற்குமுன் வந்திறங்கிய மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிஜும் 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையும், அதற்குப் பின்னரும் நமது மலைப்பாதைகளில் உழைத்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற நமது நாணயம் 2022இல் 360 ரூபாவை ஒட்டி விழுந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தபோது, வரியும் விலையும் சேர்ந்து புதிய வண்டியைச் சாதாரண மனிதரின் கைக்கு எட்டாமல் வைத்தன. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்வதற்கே எத்தனை பேச்சுவார்த்தைகள் நடந்தன என்பதை நாம் அறிவோம். அந்தக் குடும்பங்களுக்கு ஹயர் ஓடிப் பிழைப்பவர் பழைய வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டாமல் வேறென்ன செய்வார்?

உள்ளதைப் பேணுவது ஒரு நற்பண்பு. வசதியுள்ள நாடுகளிலும் இதைச் சொன்னவர்கள் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் கார்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக்கார் வாங்கி மதிப்பிழப்பதைவிட ஒரே காரைப் பேணிப் பயன்படுத்துவதே சிக்கனம் என்று நூலே எழுதினார். ஆகவே பழைய காரை ஓட்டுவது சரியா, தவறா என்பது இங்கே கேள்வியன்று. அதன் பழுதை யார் சுமக்கிறார் என்பதே கேள்வி.

ஒரு மெல்லிய தகடு

என்ஜினின் அடிப்பாகம் புளொக். அதன்மேல் வைத்துப் போல்ட்டுகளால் இறுக்கப்படுவது ஹெட். இரண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கெஸ்கட். சிலிண்டருக்குள் எரியும் வாயு, என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், உராய்வைத் தணிக்கும் எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாதபடி அது காத்து நிற்கிறது. அது நலமாயிருக்கும்வரை அதன் பெயரைக்கூட நாம் நினைப்பதில்லை.

அது கெடத் தொடங்கும்போது அடையாளங்கள் சிறியவை. வெளியில் ஒழுக்கு எதுவும் தெரியாமலே ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். சைலன்சரில் வெண்புகை வரும். ரேடியேட்டர்த் தண்ணீரில் குமிழிகள் எழும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் தேநீர் நிறத்தில் ஒரு படிவு காணப்படும். சமதரையில் பல நாட்கள் இவற்றோடு ஓடிவிடலாம். மலை அப்படி விடாது.

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு பாகை குறைகிறது. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் அப்புத்தளையில் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். இதனாலேயே ரேடியேட்டருக்கு அழுத்தம் தாங்கும் மூடி தேவைப்படுகிறது. பழைய வண்டிகளில் அந்த மூடியும் பெரும்பாலும் தளர்ந்தே இருக்கும். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு வரும் வண்டி முப்பது கிலோமீற்றருக்குள் 800 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. தாழ்ந்த கியரில் என்ஜின் கடுமையாக உழைக்கும். வேகம் குறைவாதலால் ரேடியேட்டருக்குள் காற்றும் குறைவாகவே செல்லும். பழுதான கெஸ்கட் வழிவிடுவது அப்போதுதான். பாதையோரப் பீலியில் பிடித்த குளிர்ந்த தண்ணீரை அவசரப்பட்டு ஊற்றினால் சூடேறிய இரும்பு வெடித்துப் போகவும் கூடும்.

ஒரே போத்தல், இரண்டு நோக்கம்

கெஸ்கட்டை முறையாக மாற்றுவது பெரிய வேலை. ஹெட்டைக் கழற்ற வேண்டும். அது வளைந்திருந்தால் லேத் பட்டறையில் சமப்படுத்த வேண்டும். புதுக் கெஸ்கட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, அளவறிந்து இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போகிறவர் புதுக் கெஸ்கட்டையும் கெடுத்துவிடுவார். பணமும் நாளும் இல்லாதபோது மனிதர் ஒட்டு வேலையை நாடுகிறார்கள். ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூளையும் முட்டையின் வெள்ளைக் கருவையும் இடுவது பழைய சாரதிகளின் கைவைத்தியம். கடையில் போத்தலில் விற்கப்படும் மருந்துகள் சிலவற்றில் இருப்பது சோடியம் சிலிக்கேற். அது வெப்பத்தில் நீரிழந்து கண்ணாடி போல் இறுகி, ஓட்டையைச் சில காலம் அடைக்கும்.

இப்போது இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் அந்தப் போத்தலை ஊற்றுவது, மாத முடிவில் பணம் சேரும்வரை வண்டியை ஓட்டுவதற்காக. மற்றவர் ஊற்றுவது, ஞாயிறன்று காரைப் பார்க்க வருபவரின் கண்ணுக்கு வெண்புகை தெரியாதிருப்பதற்காக. போத்தல் ஒன்று, மருந்து ஒன்று, ஊற்றும் கையசைவும் ஒன்று. ஆயினும் முதலாமவர் பழுதைச் சுமக்கிறார். இரண்டாமவர் அதைப் பிறர் தலையில் இறக்குகிறார்.

இது பழைய வழக்கு. ரோமாபுரியின் சிசரோ கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், தனக்கு மட்டுமே தெரிந்த குறைகளுள்ள வீட்டை விற்பவரைப் பற்றி ஆராய்கிறார். விற்பவர் பொய் சொல்லவில்லை. யாரையும் வாங்கும்படி வற்புறுத்தவும் இல்லை. பேசாமல் இருந்தார், அவ்வளவே. அது குற்றமாகுமா? ஞானிகள் இருவர் இருபக்கமும் வாதாடுவதாகக் காட்டிவிட்டு, தன் இலாபத்துக்காக, அறிந்திருக்க வேண்டியவர் அறியாதிருக்கட்டும் என்று விரும்புவதே மறைத்தல் என்று சிசரோ தீர்க்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறார். ஒற்றைக்கண் குதிரையை விற்பவர் கண்ணைப் பற்றி முரசறைய வேண்டியதில்லை. குறை யாவருக்கும் தெரிகிறது, விலையை மட்டும் நியாயமாகக் குறைத்தால் போதும். ஆனால் வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ விளைவிக்கும் மறைவான குறையைச் சொல்லியே ஆகவேண்டும்.

நசுங்கிய மட்காட் ஒற்றைக்கண் குதிரை. ஹெட் கெஸ்கட் மறைவான குறை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலேய மரபைத் தழுவியது. வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டுமென்பது அம்மரபின் அடிப்படை. புகைப் பரிசோதனை நிலையமும் புகையைத்தான் அளக்கும். சட்டம் கேட்காத இடத்தில் மனச்சாட்சி கேட்க வேண்டியிருக்கிறது.

ஏறி அமர்பவர்

வாங்குபவருக்காவது ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவரக் காலமுண்டு. நள்ளிரவில் ஏறும் பிரயாணிக்கு அதுவுமில்லை. தோட்டத்தின் மேற்பிரிவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது பெரும் உதவியே. ஆயினும் மழையில் கரைந்த கற்பாதையின் உச்சியில் இருக்கும் லயத்துக்கு முதலில் வந்து நிற்பது பல வேளைகளில் அயலவரின் வண்டிதான்.

அந்த வண்டியின் கெஸ்கட் பழுதென்று சாரதிக்குத் தெரியும். அவர் என்ன செய்ய வேண்டும்? "சொன்னால் பயப்படுவார்கள், சொல்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே புண்ணியம்" என்பார் சிலர். இந்த எண்ணத்தில் அன்பு இருக்கிறது. ஆனால் ஆபத்து வழியில் நிற்பதோடு முடிவதில்லை. இறக்கத்தில் என்ஜின் நின்று, வண்டி கியரில்லாமல் உருண்டால் என்ஜினின் பிடிமானம் போய்விடும். வெற்றிட உதவியோடு இயங்கும் பிரேக் உள்ள வண்டிகளில் சில மிதிகளுக்குப் பின் மிதி கல்லாகிவிடும். 2021 மார்ச்சில் பசறையிலும் 2025 செப்டெம்பரில் எல்லவிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்து பலர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அவற்றின் கதை வேறு. ஆனால் இப்பாதைகளில் ஒரு பிசகுக்கும் இடமில்லை என்பதை அவை காட்டுகின்றன.

சொல்வதென்றால் ஏற்ற மறுப்பது என்று பொருளல்ல. "வண்டி சூடேறும், இரண்டு இடத்தில் நிறுத்துவேன், இப்போதே 1990க்கு அழையுங்கள், பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால் அந்தக் குடும்பம் வழி தேடும். இன்னொரு வண்டிக்காரரைக் கீழ்ச் சந்தியில் காத்திருக்கச் சொல்லலாம். மறைத்தால் இந்த வழிகளெல்லாம் அவர்களுக்கு அடைபடுகின்றன.

"சொல்லிவிட்டேன், ஏறியது அவர்கள் விருப்பம்" என்று கை கழுவிவிடவும் முடியாது. வலியால் துடிப்பவளின் கணவன் எதற்கும் சரி என்பான். வேறு வழியில்லாதவரின் சம்மதம் நமது கடமையைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது. ஆகவே சாரதி தம்மால் இயன்ற மீதியையும் செய்ய வேண்டும்: தண்ணீர்க் கேன் நிறைந்திருக்க வேண்டும், மூடியும் விசிறிப் பட்டியும் பகலிலேயே பார்க்கப்பட்டிருக்க வேண்டும், மெதுவாகப் போக வேண்டும், சூடான ரேடியேட்டரை யாரும் திறக்க விடக்கூடாது.

மெக்கானிக்கும் இதில் பங்காளி. "மாதம் ஒன்று ஓடினால் போதும்" என்பவருக்கு அவர் ஒட்டுப் போட்டுக் கொடுக்கலாம். அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "விற்கும்வரை புகை தெரியாமல் செய்து தா" என்பவருக்கு மறுப்பதே அவர் தொழிலுக்கு மரியாதை.

நமது பங்கு

பாரம் முழுவதையும் சாரதியின் தலையில் வைத்துவிட்டு வாசகரும் நானும் நல்லவர்களாக ஒதுங்கிக்கொள்ளலாமா? நள்ளிரவில் கதவைத் தட்டுகிறோம். வாடகையில் பேரம் பேசுகிறோம். கடன் சொல்லி இறங்குகிறோம். பிறகு அந்த வண்டி ஏன் பழுதென்று வியக்கிறோம். உண்மையைச் சொன்ன சாரதியை விட்டுவிட்டு, சொல்லாதவரின் வண்டியில் ஏறுகிறோம். அப்படியானால் உண்மை சொல்பவருக்கு நட்டத்தைப் பரிசாகக் கொடுப்பவர்கள் நாமே. ஒரு ஊர் உண்மையைக் கேட்க விரும்பினால், உண்மை சொல்பவர் பிழைக்கவும் அங்கே வழியிருக்க வேண்டும்.

தோட்டங்களில் மரண வீட்டுச் செலவுக்கென்று மாதந்தோறும் சிறுதொகை சேர்க்கும் சங்கங்கள் உண்டு. இறந்தவரைக் கௌரவமாக அனுப்ப ஒன்றுசேரத் தெரிந்த நமக்கு, உயிரோடிருப்பவரைப் பத்திரமாக ஆஸ்பத்திரி சேர்க்கவும் ஒன்றுசேர இயலாதா? ஒரு பிரிவில் இருபது குடும்பங்கள் ஒரு வண்டியை நம்பியிருந்தால், அதன் கெஸ்கட் செலவில் அவர்களுக்கும் ஒரு பங்குண்டு. அதைக் கடனாகக் கொடுத்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். பெரிய திட்டமெதுவும் தேவையில்லை. ஒரு கொப்பியும் நம்பிக்கையான ஒருவரும் போதும்.

உங்கள் பிரிவில் அத்தகைய வண்டி ஒன்று இருக்கக்கூடும். அதன் சொந்தக்காரரை இவ்வாரம் சந்தித்தால், வண்டி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் உண்மையைச் சொன்னால், அதற்காக அவர் நட்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.