வழியை அடைப்பவர் யார்?

பேச்சுரிமை நாவுக்கு மட்டும் உரியதா, அன்றி அச்சொல் பிறர் செவியை அடையும் வழிக்கும் உரியதா? இவ்வினாவைப் புதுச்சேரி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்துவிட்டது.

1908ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சியின் அடக்குமுறைக்குத் தப்பிப் பாரதியார் இங்கு வந்தார். 'இந்தியா' வார இதழும் அவ்வாண்டே சென்னையிலிருந்து இங்கு இடம் பெயர்ந்தது. பிரெஞ்சு மண்ணில் இருந்த அச்சகத்தை ஆங்கில அரசால் தொட முடியவில்லை. ஆனால் படிப்போரில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் வாழ்ந்தனர். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழைவது தடுக்கப்பட்டது. 1910இல் 'இந்தியா' நின்று போயிற்று. எழுதிய கையை எவரும் கட்டவில்லை, வழிதான் அடைபட்டது.

அன்றைய வழி அஞ்சல். அது அரசின் கையில் இருந்தது. இன்றைய வழிகளான கூகுள், முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் ஆகியவை ஒருசில தனியார் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அரசு வரம்பு மீறினால் நீதிமன்றம் உண்டு. 2012இல் ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்படி கைது செய்யப்பட்டார். அப்பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015இல் செல்லாதென அறிவித்தது. நிறுவனம் ஒருவரது பதிவை நீக்கினாலோ, எவர் கண்ணிலும் படாதவாறு பின்னுக்குத் தள்ளினாலோ, அவர் முதலில் முறையிட வேண்டியது அந்நிறுவனத்திடமே. அதற்கு மேல் முறையிட 2023இல் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவற்றை அமைத்தது ஒன்றிய அரசு. வணிகரிடமிருந்து வாங்கிய சாவியை ஆட்சியாளரிடம் கொடுப்பது எவ்வாறு விடுதலையாகும்? 1910இல் வழியை அடைத்தது ஓர் அரசே அன்றோ!

மூன்றாவது நெறி ஒன்றுண்டு. எவர் என்ன பேசலாம் என்று தீர்ப்புரைக்காமல், ஒரே கை எல்லா வழிகளையும் வளைத்துக்கொள்ளாதவாறு தடுப்பது அது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. கைப்பேசி தயாரிப்போர் மீது தன் செயலிகளைத் திணித்த குற்றத்துக்காக, 2022இல் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023இல் ஆணையத்தின் கட்டளைகள் சிலவற்றை நீக்கிற்றேனும் அபராதத்தை உறுதி செய்தது.

வழிகள் பலவானால் பொய்யும் பல வழிகளில் பரவாதா எனச் சிலர் வினவுவர். பரவும், அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் பொய்யை மறுக்கும் மெய்க்கும் அப்போது வழி இருக்கும். வழி ஒன்றேயானால், அதன் உடைமையாளர் பிழைபடும் நாளில் மெய் ஒதுங்குவதற்கு இடமில்லை. இரண்டு ஆட்சிகள் அருகருகே இருந்தமையால்தான் பாரதியாருக்குப் புகலிடம் கிடைத்தது. வாசகரைச் சேரும் வழி ஒன்றே ஆனமையால்தான் அவர் இதழ் மடிந்தது.

சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். எளிதென்பதற்காக நம் சொற்களையெல்லாம் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வழக்கத்தை நாமும் கைவிட வேண்டும். சிற்றிதழ்களையும் சிறிய தளங்களையும் சந்தா கொடுத்துக் காப்பது அதற்கு நாம் செய்யக்கூடிய முதல் வேலை.