ஈகையா, உரிமையா?

புளியந்தீவின் கடைத்தெருவில் கதவுகள் அடைபட்ட பின்னர், விறாந்தைகளிற் சிலர் வந்து படுப்பதைக் காணலாம். விடியற்காலையில் கடைக்காரர் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்க வருமுன் எழுந்து சென்றுவிடுவர். அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கும் கடைக்காரரும் உளர். அந்நல்ல மனத்தைக் குறைகூற நான் முற்படவில்லை. ஆனால், ஒரு மனிதனின் உறக்கம் இன்னொருவரின் நல்ல மனத்தையே நம்பியிருப்பது நீதியாகுமா?

வழிப்போக்கனுக்குத் திண்ணை அமைத்த இனம் என்று மேடைகளிற் பெருமை பேசுகிறோம். அத்திண்ணையில் அமரத் தக்கவர் யார், முற்றத்தில் நிற்க வேண்டியவர் யார் என்பதைச் சாதியே தீர்மானித்தது என்பதை மட்டும் சொல்லாது விடுகிறோம். ஈகை தனக்கு உகந்தவரைத் தெரிந்தெடுத்துக்கொள்ளும். விரும்பியபோது கதவைச் சாத்தவும் அதற்கு இயலும்.

சட்டமோ இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. 1841ஆம் ஆண்டில் பிரித்தானியர் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், பிழைப்புக்கு வழி புலப்படாது, அனுமதியின்றிப் பிறர் விறாந்தையிலோ வண்டியிலோ தங்கி, தன்னைப் பற்றித் தக்க விளக்கம் கூற இயலாதவனைத் தண்டனைக்குரியவனாக்கிற்று. வறுமையே குற்றமாயிற்று. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, போதிய உணவு, உடை, உறையுள் ஆகியவற்றை 27ஆம் உறுப்புரையில் அரசின் இலக்காகக் கூறியது; அவற்றை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாதென 29ஆம் உறுப்புரையிற் கூறிவிட்டது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்தபோது நான் மாணவன். வீடிழந்த குடும்பங்கள் எங்கள் வகுப்பறைகளிலே தங்கின. மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டி, அதற்குள் ஒரு குடும்பம் வாழ்ந்தது. தொடக்கத்தில் ஊரே சோறு சமைத்துக் கொடுத்தது. நாட்கள் செல்லச் செல்ல, “இவர்கள் எப்பொழுது போவார்கள்?” என்ற கேள்வி எழுந்தது. கேட்டவர்கள் கொடியவர் அல்லர். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலையுற்றவர்கள். அவர்கள் வெளியேறிய அன்று, என் வாங்கு எனக்குத் திரும்பக் கிடைத்ததென்று நானும் மகிழ்ந்தேன். எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இன்று ஆசிரியனாக வகுப்பில் நிற்கும்போது அம்மகிழ்ச்சி என்னை வெட்கமுறச் செய்கிறது.

அதன் பின்னர் கடலோரத்தில் வீடு கட்டத் தடை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டது. நாவலடியில் கடலை நம்பி வாழ்ந்தோர் பலர் திராய்மடுவிற் குடியமர்த்தப்பட்டனர். கல்வீடு கிடைத்தது, தோணிக்கும் வீட்டுக்கும் இடையே தூரமும் கிடைத்தது. கொடுப்பவன் தான் கொடுக்க விரும்புவதைக் கொடுக்கிறான். உரிமையுடையவனோ தனக்கு வேண்டியதைக் கேட்கிறான்.

வறிய நாடு எல்லோருக்கும் எவ்வாறு வீடு கட்டும் என்று வினவுவோர் உளர். நியாயமான வினாவே. தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், ஐரீன் குரூட்பூம் என்ற பெண்மணியும் பிறரும் தொடுத்த வழக்கில் இதற்கு விடை கண்டது. உடனே எல்லோருக்கும் வீடு தருமாறு அது பணிக்கவில்லை. தலைக்குமேற் கூரையே அற்றவரை முற்றாக மறந்த வீடமைப்புத் திட்டம் நியாயமானதாகாது என்றது. அப்பெண்மணி 2008இல் இறக்கும்வரை தமக்கென ஒரு வீட்டைப் பெறவில்லை. தீர்ப்பு தானே கூரையாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று. ஆயினும், அவர் இரப்பவராக அன்றி, அரசைக் கணக்குக் கேட்பவராக நின்றார். அந்நிலை சிறிதன்று.

நமது நகரிலும் தொடங்கவேண்டியது அதுவே. கடை விறாந்தையில் உறங்குபவருக்குப் பொதுப் பணத்தில் ஓர் இராத்தங்குமிடம் வேண்டும். பெயரைப் பதிந்து, முகவரியென்று கூற ஓரிடம் வேண்டும். அதன் கதவைத் தட்டுபவர் எவருக்கும் நன்றி கூறக் கடமைப்படாதவராய் உள்ளே செல்லவேண்டும். அவர் எழுந்து போய்விட்டாரா என்று பார்ப்பதையே நாம் இதுவரை செய்து வந்தோம். எங்கே போகிறார் என்று இனியேனும் கேட்போமா?