மங்கிய விளக்கோடு இரவில் வண்டி எடுக்காதீர்கள்

இன்று மாலை வீடு திரும்பியதும் காரை நிறுத்திவிட்டு உடனே உள்ளே போய்விடாதீர்கள். வண்டியின் முன்னால் வந்து குனிந்து இரண்டு ஹெட்லைட்டுகளையும் பாருங்கள். உள்ளே இருக்கும் பல்பும் அதன் பின்னால் பளபளக்கும் ரிஃப்ளெக்டரும் தெளிவாகத் தெரிகின்றனவா, அல்லது லென்ஸ் மஞ்சள் பூத்து மங்கிக் கிடக்கிறதா? மங்கியிருந்தால், அதைச் சரிசெய்யும்வரை அந்தக் காரை இரவில் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வண்டி பழசானால் விளக்கும் மஞ்சளாகத்தான் செய்யும், அது அழகு பற்றிய விஷயம், விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் தள்ளிப் போடுகிறார்கள். அழகு போனால் போகட்டும். வெளிச்சம் போகிறதே! அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2018இல் பழைய கார்களின் மங்கிய விளக்குகளைச் சோதித்துப் பார்த்தது. புது விளக்கு தரும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அவை தந்தன. ஓட்டுபவருக்கு இது உறைப்பதே இல்லை. ஒரே இரவில் விளக்கு மங்கினால் பதறியிருப்போம். ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்போது கண் அதற்குப் பழகிப்போகிறது.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. எதிரில் ஏதோ இருக்கிறது என்று கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போகவே ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 33 மீட்டர் போயிருக்கும். நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தாலும் நிற்பதற்கு இன்னும் ஏறக்குறைய 35 மீட்டர் வேண்டும். ஆக, 70 மீட்டருக்கு முன்பே ஆளைப் பார்த்திருந்தால்தான் அவர் பிழைப்பார். மங்கிய விளக்கின் டிம் வெளிச்சத்தில், கறுப்பு வேட்டி கட்டி நடக்கும் ஒருவர் அந்தத் தூரத்தில் தெரிவாரா? கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் அப்படித்தான் நடக்கிறார்கள். தைப்பூசத்துக்கு முன் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையில் வெயிலுக்கு அஞ்சி இரவெல்லாம் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களும் உண்டு. பையிலும் கைத்தடியிலும் அவர்கள் ஒட்டியிருக்கும் ஒளிரும் பட்டைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. உங்கள் விளக்கு அனுப்புவதைத்தான் அது உங்களிடம் திருப்பி அனுப்பும். நீங்கள் அனுப்பாவிட்டால் அந்தப் பட்டையால் அவர்களுக்கு என்ன காவல்?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். எல்லாரும் இரவில் இறந்தவர்கள் அல்லர், எல்லாவற்றுக்கும் விளக்கு காரணமும் அன்று. ஆனால் சாலையில் போகும் எல்லாரிலும் தற்காப்பு ஏதுமில்லாதவர் நடந்து போகிறவர்தான். அவரை நாம் பார்ப்பது ஒன்றே அவருக்குள்ள காப்பு.

நம் நாட்டு டிம் வெளிச்சத்தின் அமைப்பைக் கவனித்திருக்கிறீர்களா? இருட்டிய பிறகு ஒரு சுவருக்கு முன்னால் சில மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோடு கிழித்தது போல இருக்க வேண்டும். அந்தக் கோடு இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறும். சாலையின் இடது ஓரத்தில் நடப்பவர் மேல் ஒளி படவேண்டும், எதிரே வருபவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. லென்ஸ் மங்கினால் இந்தக் கோடு கலைந்துவிடுகிறது. ஓரத்துக்குப் போக வேண்டிய ஒளி நாலாபுறமும் சிதறி, எதிரே வரும் பைக்காரரின் கண்ணில் போய்க் குத்துகிறது. உங்களுக்கும் பாதை தெரிவதில்லை, அவருக்கும் தெரிவதில்லை.

இதற்கு நம்மில் பலர் செய்யும் பரிகாரம் குற்றத்தை இரட்டிப்பாக்குகிறது. 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் போடுகிறார்கள், அல்லது கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பைச் செருகுகிறார்கள். மங்கிய லென்ஸுக்குப் பின்னால் ஒளியைக் கூட்டினால் சிதறல்தான் கூடும். கூடுதல் வாட் பல்பின் சூட்டில் லென்ஸும் ரிஃப்ளெக்டரும் இன்னும் விரைவாகக் கெடும். வேறு சிலர் ஊருக்குள்ளும் ஹை பீமிலேயே ஓட்டுகிறார்கள். தயவுசெய்து இவற்றைச் செய்யாதீர்கள். கோளாறு லென்ஸில் இருக்கும்போது பல்பை மாற்றிப் பயனில்லை.

லென்ஸ் ஏன் கெடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அம்பாசடர் காலத்து வட்ட விளக்குகள் கண்ணாடி. கல் பட்டால் உடையுமே தவிர மஞ்சளாகாது. இன்றைய விளக்குகள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எடை குறைவு, எளிதில் உடையாது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அந்தக் கதிர் பட்டுப் பட்டு மேற்பரப்பின் மூலக்கூறுகள் சிதைந்து மஞ்சள் நிறச் சேர்மங்களாகின்றன. அதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு காப்புப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு தேயும்வரைதான் லென்ஸுக்கு ஆயுள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. இந்த வெயிலில், அலுவலக வாசலில் நாள் முழுவதும் நிற்கும் காருக்கு அந்தப் பூச்சு எத்தனை ஆண்டு தாங்கும்?

அதை நம் கையாலும் தேய்க்கிறோம். பெட்ரோல் பங்கிலோ சிக்னலிலோ புழுதி படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதை நிறுத்துங்கள். புழுதியில் மணல் இருக்கிறது, ஒவ்வொரு துடைப்பும் ஒரு கீறல். தண்ணீர் ஊற்றிப் புழுதி இறங்கிய பிறகு, கார் ஷாம்புவும் மென்மையான துணியும் போதும். பாத்திரம் துலக்கும் சோடா, தரை கழுவும் காரமான திரவம், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் லென்ஸ் பக்கம் வரக்கூடாது. நிழல் கிடைத்தால் நிழலில் நிறுத்துங்கள். பாதி நிழல்தான் என்றால் அந்தப் பாதி முன்பக்கத்துக்கு இருக்கட்டும். வண்டி புதிதென்றால் இப்போதே லென்ஸின் மேல் பாதுகாப்புப் படலம் ஒட்டச் சொல்லுங்கள். கெட்ட பிறகு பார்க்கும் வைத்தியத்தைவிட இது எளிது.

பற்பசை போட்டுத் தேய்த்தால் பளிச்சிடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். பளிச்சிடும், உண்மைதான். பற்பசையில் உள்ள நுண்ணிய தூள் சிதைந்த மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிடும். அதோடு மிச்சமிருந்த காப்பும் போய்விடும். சில மாதங்களில் முன்பைவிட மோசமாக மஞ்சளாகும். கொசு விரட்டும் ஸ்பிரே அதைவிடக் கொடியது. அதிலுள்ள ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்குகிறது. அந்த இளக்கத்தைத்தான் நாம் பளபளப்பு என்று நம்புகிறோம்.

சரியான வேலைக்குப் பட்டறையில் அரை நாள் போதும். சுற்றியுள்ள பெயிண்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டபடி 800 அல்லது 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி, 2000, 3000 என்று படிப்படியாக மென்மையான தாளுக்குப் போய், காம்பவுண்டு போட்டு பாலிஷ் செய்கிறார்கள். பெரும்பாலானோர் இதோடு நிறுத்திப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் அங்கே நிறுத்த விடாதீர்கள். காப்பு இல்லாத பிளாஸ்டிக்கைத் திரும்ப வெயிலில் விடுவது செய்த வேலையை வீணாக்குவது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தீர்களா என்று கேளுங்கள், அடிக்கும்வரை நில்லுங்கள். ஆகும் செலவு ஒரு முறை டாங்க் நிரப்பும் செலவைத் தாண்டாது.

இதற்கும் எல்லை உண்டு. நான் சொன்ன அதே சோதனையில், தேய்த்துச் சரிசெய்த விளக்குகள் புது விளக்கின் ஒளியில் 70 சதவீத அளவுக்குத்தான் மீண்டன. ஆகவே இரவுப் பயணம் அதிகம் உள்ளவர்கள், கால் டாக்ஸி வைத்திருப்பவர்கள், உள்ளே நீர் கோத்த அல்லது ரிஃப்ளெக்டர் கருத்துப்போன விளக்கு வைத்திருப்பவர்கள் முழு விளக்கையும் மாற்றிவிடுங்கள், இரு பக்கமும் சேர்த்து.

யாராவது சொல்லட்டும், அபராதம் போடட்டும், அப்போது செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். வாடகை வண்டிகள் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதுவரை எந்த அலுவலரும் உங்கள் விளக்கைப் பரிசோதிக்க வேண்டிய கட்டாயமில்லை. விளக்கோ அதற்கு வெகு காலம் முன்பே கெட்டுவிடுகிறது. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளுக்கும் பரிசோதகர் நீங்கள் ஒருவர்தான். பழைய கார் விற்பவர்களே, வாங்குபவர் கண்ணுக்காக மட்டும் பாலிஷ் போட்டுத் தள்ளிவிடாதீர்கள். அந்த வண்டியில் ஒரு குடும்பம் ஏறப்போகிறது. மெக்கானிக் தம்பிகளே, ஆயில் மாற்ற வரும் ஒவ்வொரு வண்டியின் விளக்கையும் பார்த்து, உள்ளதை உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஊரில் அப்பா ஓட்டும் பழைய காரை அடுத்த முறை போகும்போது பாருங்கள். வயது ஏற ஏற இரவில் கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும், அவர் விளக்கோ ஆண்டுக்கு ஆண்டு மங்கி வருகிறது. கேட்டால், எனக்கு நல்லாத்தான் தெரியுது என்பார். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். விடுமுறை முடிந்து திரும்பும் முன் நீங்களே வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போய், வேலை முடிந்த பிறகு அன்றிரவு அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள்.