ஒரு சிட்டிகை உரோமமும் ஓர் அறக்கேள்வியும்

அறிவை மறைத்து வைப்பது அறமாகுமா என்று வினவினால், முற்போக்குச் சிந்தனையுடையோர் எவரும் 'ஆகாது' என்றே விடை பகர்வர். மருந்துமுறையை மகனுக்கும் சொல்லாது மாண்டுபோன பரம்பரை வைத்தியரை நாம் கண்டிக்கின்றோம். அக்கண்டனம் நியாயமானதே. எனினும், எல்லா மௌனத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் தகுமா? இங்கிலாந்துத் தூண்டிற்காரரிடையே நிகழ்ந்த ஒரு சிறு செய்தி இவ்வினாவை ஆராயத் துணைபுரியும்.

அந்நாட்டு ஆறுகளில் வாழும் ட்றவுட் மீன் நீர்ப்பூச்சிகளை விரும்பி உண்பது. ஆதலால் பூச்சியைப் போலத் தோற்றும் செயற்கை ஈயைத் தூண்டில் முள்ளிலே கட்டி அதனைப் பிடிப்பர். 1496இல் அச்சான ஆங்கில நூலொன்றிலேயே இத்தகைய பன்னிரண்டு ஈக்களின் செய்முறை கூறப்பட்டுள்ளது. ஈயின் உடல் பெரும்பாலும் விலங்கின் உரோமத்தாலானது. மெழுகு பூசிய பட்டு நூலிலே முயல், கடல்நாய் முதலியவற்றின் உரோமத்தை ஒரு சிட்டிகை வைத்து, இரு விரல்களாலும் திரித்து, அத்திரியை முள்ளின் தண்டிலே சுற்றுவர். நீரில் நனைந்ததும் உரோம இழைகளினூடே ஒளி பாயும்; உயிருள்ள பூச்சியின் உடலே போலத் தோன்றும். எந்த உரோமத்தை எதனோடு கலப்பது என்பதிலேதான் தொழிலின் நுட்பம் அடங்கியுள்ளது.

டெவன் பகுதியிலுள்ள டிவேட்டன் என்னும் ஊரிலே ஆர். எஸ். ஒஸ்டின் என்பவர் ஈக்கள் கட்டி விற்றுவந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு புதுக் கலவையைக் கண்டார். செம்மறிக் கடாவின் விதைப்பையில் வளரும் மென்மயிரை எண்ணெய்ப்பசை நீங்கக் கழுவி, கடல்நாயின் உரோமத்தையும் வேறு சில உரோமங்களையும் அதனோடு சேர்த்தார். இலண்டன் வழக்கறிஞரும் தூண்டிற்கலை பற்றி 1910இலும் 1921இலும் புகழ்பெற்ற நூல்களை எழுதியவருமான ஜி. இ. எம். ஸ்கியூஸ், 'கடாவின் இன்றியமையாப் பொருள்' என்று பொருள்படும் குறும்புப் பெயரை அந்த ஈக்குச் சூட்டினார். ஈயின் புகழ் பரவியது. கலவையின் இரகசியத்தை ஸ்கியூஸ் அறிந்திருந்தார், ஆனால் வெளியிடவில்லை. ஒஸ்டின் இறந்தபின் அவருடைய மகள் அத்தொழிலை நடத்திவந்தார். அவர் தொழிலைக் கைவிடும்வரை ஸ்கியூஸ் வாய்திறக்கவில்லை. 1930களிலேதான் உண்மை அச்சேறியது.

தாம் அறிந்ததை எழுத்தில் வடிப்பதையே கடமையாகக் கொண்ட ஓர் எழுத்தாளர் இவ்வாறு மௌனம் காத்தது சரிதானா? சரியே என்பேன். மறைக்கப்பட்ட அறிவினால் யார் எதனை இழந்தனர் என்பதே இங்கு அளவுகோல். வைத்தியரின் மௌனம் நோயாளியின் உயிரைக் குடிக்கலாம். ஸ்கியூஸின் மௌனத்தால் ஓய்வும் வசதியும் படைத்தோர் சிலர் ஓர் ஈயை விலை கொடுத்து வாங்க நேர்ந்தது, அவ்வளவே. மறுபுறத்தில், இரகசியம் வெளிப்பட்டிருந்தால் மூலதனம் படைத்த எந்த வணிகரும் கூலிக்கு ஆள் வைத்து அதனையே மலிவாகக் கட்டுவித்து, அப்பெண்ணின் பிழைப்பைக் கெடுத்திருக்கலாம்.

ஆயினும் இத்தீர்ப்போடு நாம் அமைதியடைதல் கூடாது. ஒரு பெண்ணின் சோறு ஒரு பிடி ஆட்டுமயிரின் இரகசியத்திலே தொங்க வேண்டியிருந்தது ஏன்? கைத்திறனுக்கு வேறு பாதுகாப்பு எதனையும் அச்சமுதாயம் வழங்காமையால் அன்றோ? ஸ்கியூஸின் மௌனம் ஒரு தனிமனிதரின் கண்ணியம். சமுதாயம் செய்யத் தவறியதை ஒரு கனவான் செய்தார். அத்தகைய கனவான் வாய்க்காத தொழிலாளரின் கதி என்ன?

இன்று அக்கலவையை யாரும் படித்தறியலாம். மேல்நாட்டுக் கடைகளில் விற்கும் ஈக்களிற் பல கென்யாவிலும் தாய்லாந்திலும் நமது இலங்கையிலும் உள்ள தொழிலாளரின் விரல்களால் கட்டப்படுகின்றன. செய்முறைகள் பொதுவாகிவிட்டன, ஆனால் கட்டுபவருக்குக் காத்துக்கொள்ள இரகசியமும் இல்லை, ஈயின் மீது பெயரும் இல்லை. அவர் கேட்டுப் பெறக்கூடியது கூலி ஒன்றே.

ஆகவே, அறிவு பொதுச்சொத்தாக வேண்டும் என்று முழங்கும் நாம் அதனோடு மற்றொன்றையும் சேர்த்தே கேட்டாக வேண்டும்: அவ்வறிவால் பிழைக்கும் கைகளுக்கு நியாயமான கூலியும் முதுமையிலே ஆதரவும் உறுதிசெய்யப்படல் வேண்டும். இரண்டாவதை மறந்து முதலாவதை மட்டும் கேட்போமாயின், தொழிலாளியின் கடைசி உடைமையையும் பறித்து வணிகரின் கையிலே கொடுத்தவராவோம்.