தெரியாமல் செய்யும் ஓரவஞ்சனை

"தோட்டத்துப் பிள்ளைதானே, இவ்வளவு படித்தது போதும்." இப்படி வாய் திறந்து சொல்லும் ஆசிரியர் இன்று நாவலப்பிட்டியில் ஒருவரும் இரார் என்றே நம்புவோம். சொன்னால் பெற்றார் சும்மா இருக்கமாட்டார்கள், அதிபரும் கண்டிப்பார். ஆனால், வாயால் சொல்லாமல் அவ்வாறே நடந்துகொள்வது வேறு விடயம். தொலஸ்பாகைப் பக்கத்து லயத்திலிருந்து இறங்கி வரும் பிள்ளையும் நகரத்துக் கடைக்காரரின் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். கடினமான கணக்கு முன்வரிசைக்குப் போகிறது. கரும்பலகை துடைக்கும் வேலை பின்வரிசைக்குப் போகிறது. கேட்டால், "நான் வேற்றுமை பார்ப்பவன் அல்லன்" என்பார் ஆசிரியர். அவர் பொய் சொல்லவில்லை. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

அறிந்து செய்யும் அநீதிக்குத் தீர்ப்புச் சொல்வது எளிது. அறியாமல் செய்வதற்கு யார் பொறுப்பு? நமது ஒழுக்கவியல் அறியாமையை இரண்டாகப் பிரிக்கும். எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாதது ஒன்று. முயன்றால் நீக்கக்கூடியது மற்றது. முன்னதற்குக் குற்றமில்லை. பின்னதற்கு உண்டு, முயலாமல் இருந்தது நமது செயல் அல்லவா? வகுப்பறையில் நடக்கும் இந்த ஓரவஞ்சனை இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதே என் துணிபு.

இதை நம் நாட்டுப் பரீட்சைத் திணைக்களம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. சாதாரண தரப் பரீட்சை விடைத்தாளில் மாணவர் பெயர் எழுதுவதில்லை, சுட்டெண் மட்டுமே. ஏன்? திருத்துபவர் அயோக்கியர் என்பதாலா? இல்லை. யோக்கியரான மனிதரின் கையையும் ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு பாடசாலை அசைத்துவிடும் என்பதால்தான். பொதுப் பரீட்சைக்கு இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும் நாம், பதினொரு ஆண்டுகள் தினந்தோறும் நடக்கும் வகுப்பறைத் தீர்ப்புகளுக்கு எந்தத் திரையும் போடவில்லை.

அயல்நாட்டில் ஒரு சோதனை நடந்தது. ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் இந்தியாவில் பிள்ளைகளின் விடைத்தாள்களை எடுத்து, முகப்பில் சாதியைச் சீட்டுக் குலுக்கியதுபோல மாற்றி மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதப்பட்ட தாள்களுக்குச் சற்றே குறைந்த புள்ளி கிடைத்தது. வித்தியாசம் சிறிதுதான். 2012இல் வெளியான அவ்வாய்வில் நம்மை உறுத்தவேண்டியது இன்னொன்று: குறைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் அதே தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்தவர் தோட்டத்துப் பிள்ளையைக் குறைவாக மதிக்கமாட்டார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு தூரம் சரி?

இனி, பெற்றாரைப் பற்றிய பேச்சு. "தாய் கூட்டத்துக்கு வருவதில்லை, அக்கறை இல்லாத குடும்பம்" என்பார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், கூடையோடு மலையில் நிற்கும் தாய் எப்படி வருவார்? வந்தால் அன்றைய பேர் போய்விடும். அரைப்பேர் கிடைத்தாலே பெரிது. வந்த தாயின் பிள்ளையை ஆசிரியருக்கு முகம் தெரியும். வராத தாயின் பிள்ளை பொறுப்பற்ற வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறது. பிறகு உயர்தரத்துக்கு வரும்போது, "உனக்குக் கலைப்பிரிவுதான் சரி" என்ற அன்பான ஆலோசனை. கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உள்ள தமிழ்ப் பாடசாலைகளே மலையகத்தில் சில. அந்தச் சிலவற்றின் வாசலிலும் இப்படியோர் அன்பு நின்று வழிமறிக்கிறது.

பணம் வரவில்லை என்று சொல்வதற்கில்லை. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் இப்பிள்ளைகள் அதன் முழுப்பயனுக்கு வெளியிலேயே நின்றார்கள். 1970களில்தான் அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பின்னர் 1980களில் சுவீடன் உதவி வந்தது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜேர்மன் உதவியுடன் எழுந்தது. சுவர்கள் எழும்பின, கூரைகள் ஏறின, நன்றியோடு சொல்கிறோம். ஆனால், மனத்திலுள்ள எதிர்பார்ப்பைச் சீமெந்து உயர்த்தாது. 2014இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 3,179 ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்க்க அறிவித்தபோது, மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா என்றார்கள். பிறகு அது 10,000 ஆயிற்று. பெயர்தான் உதவியாளர்; வகுப்பெடுத்துப் படிப்பித்தவர்கள் அவர்களே. இந்தப் பிள்ளைகளுக்கு இது போதும் என்ற எண்ணம் ஒரு தொகையாகவே எழுதப்பட்டுவிட்டது.

ஆகவே, பழைய மாணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணமோ, அரசின் தர உள்ளீட்டு நிதியோ, பங்கில் திரட்டும் நன்கொடையோ எதுவானாலும், அதில் ஒரு பங்கு இந்தக் குருட்டுப் புள்ளியைப் பார்ப்பதற்குச் செலவாகட்டும். தவணைப் பரீட்சைத் தாள்களையும் பெயரின்றி எண்ணிட்டுத் திருத்தலாம். அதற்குத் தாள் செலவுகூடக் கூடாது. ஆசிரியர் ஒருவர் தவணைக்கு ஒருமுறை லயத்துக்குப் போய்வர பஸ் கட்டணம் கொடுக்கலாம். பிள்ளை எந்த விளக்கடியில், எத்தனை பேர் நடுவே இருந்து எழுதுகிறது என்று ஒருமுறை கண்ட பின்னர் "சோம்பேறி" என்ற சொல் அவ்வளவு இலகுவாக வாயில் வராது. ஓய்வுபெற்ற நல்லாசிரியர் ஒருவரைப் பின்வாங்கில் இருத்தி, ஒரு பாடவேளையில் யாரிடம் எத்தனை கேள்வி கேட்கப்பட்டது என்று குறிக்கச் செய்யலாம். தண்டிப்பதற்கன்று, குறிப்பை அந்த ஆசிரியரிடம் மட்டும் கொடுத்தால் போதும். கூட்டத்தை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்ற ஒரு சதமும் வேண்டாம்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. "வறிய தோட்ட மாணவருக்குக் கொப்பி வழங்கும் வைபவம்" என்று பதாகை கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் பிடிக்கிறோமே, அது எதைக் கற்பிக்கிறது? வட இந்தியக் கிராமத்துச் சிறுவர்களிடம் கார்லா ஹொஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் செய்த ஆய்வொன்று உண்டு. புதிர்வழிப் படங்களைத் தீர்க்கக் கொடுத்தார்கள். சாதி அறிவிக்கப்படாதபோது இரு தரப்புச் சிறுவர்களும் ஏறக்குறையச் சமமாகவே தீர்த்தார்கள். எல்லோர் முன்னும் சாதி அறிவிக்கப்பட்டபோது தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. அறிவு குறையவில்லை, பெயர்ப்பலகைதான் கனத்தது. கொப்பியை வகுப்பாசிரியர் மேசையில் வைத்து எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுத்தால் ஆகாதா?

நாவலப்பிட்டிக்கு 1874இல் புகையிரதம் வந்தது பெருந்தோட்டங்களுக்காக. நகரத்தின் பல கடைகள் தோட்டத்துச் சம்பளத்திலேயே வளர்ந்தவை. அப்படியிருக்க, பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் செயற்குழுவில் லயத்துப் பெற்றார் எத்தனை பேர் என்று ஒவ்வொரு பாடசாலையும் தன் குறிப்பேட்டைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம். நன்கொடைப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று பேசும் மேசையில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவரும் இருந்தால், முதற்செலவு வாசல் வளைவுக்குப் போகாது என்று நினைக்கிறேன். மழைநாளில் நனைந்து வரும் பிள்ளைகளுக்கு உலர்ந்த உடுப்பு வைக்க ஓர் அலுமாரி வாங்கச் சொல்வாரோ என்னவோ. அவரைக் கேட்டால்தான் தெரியும்.