ஓடாத விசிறியும் கருதலளவையும்

காரியத்தைக் கண்டு காரணத்தைத் துணிவது முறையான அறிவாகுமா என்பது இந்தியத் தத்துவ மரபின் பழைய வழக்குகளுள் ஒன்றாகும். கருதலளவை, அதாவது கண்ட ஒன்றைக்கொண்டு காணாத ஒன்றை அறியும் வழி, மணிமேகலையின் 27ஆம் காதையில் பொது, எச்சம், முதல் என மூவகையாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுள் எச்சத்துக்கு, வெள்ளத்தைக் கண்டு தலைப்பகுதியில் மழை பெய்ததென அறிதல் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. நியாய மரபும் இதே வெள்ளத்தை ஆள்கிறது. ஆனால் நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் அதற்கு எதிரான தடையொன்றையும் தானே எழுப்பிக்கொள்கிறது. நீரோட்டம் எங்கோ அடைபட்டாலும் ஆறு பெருகும். எனவே பெருக்கம் மழைக்கு உறுதியான அடையாளம் ஆகாது என்பது அத்தடை. ஒரே காரியம் பல காரணங்களால் விளையுமாயின், அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் அறிவு எதன்மேல் நிற்கும் என்னும் இவ்வினா, பழைய வண்டி ஒன்றின் ரேடியேட்டர் விசிறி ஓடாமல் நிற்கும்போது வெறும் ஏட்டுச் சிக்கலாக இருப்பதில்லை.

1983 டிசம்பரில் வெளிவந்து 2014 வரை உற்பத்தியிலிருந்த மாருதி 800 இதற்கு ஏற்ற சான்றாகும். அம்பாசடர் போன்ற முந்தைய வண்டிகளில் விசிறியை எஞ்சினே பெல்ட் மூலம் சுழற்றியதால், ஐயத்துக்குரிய பொருள் பெரும்பாலும் பெல்ட் ஒன்றுதான். எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து முன்சக்கரங்களை இயக்கும் மாருதியில் அந்த ஏற்பாடு பொருந்தாமையால், 12 வோல்ட் மோட்டார் ஒன்று விசிறியைச் சுழற்றுகிறது. கூலன்ட் எனப்படும் குளிர்நீர் குறித்த வெப்பத்தை எட்டியதும் தானாக இணையும் வெப்ப ஸ்விட்ச், மின்னோட்டம் மிகுந்தால் உருகி அறும் பியூஸ், கம்பிகள், அவற்றின் கணுக்கள், மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப உதவும் எர்த் இணைப்பு, மோட்டாரின் கார்பன் பிரஷ் ஆகியவற்றுள் எது கெட்டாலும் வெளியே தெரியும் விளைவு ஒன்றே: விசிறி நிற்கிறது, வெப்பமுள் ஏறுகிறது.

இவற்றுள் எதுவும் கெடாமலே விசிறி நிற்கலாம் என்பது இன்னும் நுட்பமான இடர். கூலன்ட் குறைந்து ஸ்விட்ச்சின் முனை நீரில் படாமல் போனாலோ, ஸ்விட்ச் ரேடியேட்டரில் அமைந்த வண்டிகளில் தெர்மோஸ்டாட் என்னும் வெப்ப அடைப்பிதழ் மூடியபடியே சிக்கிக்கொண்டு சுடுநீரை ரேடியேட்டருக்கு அனுப்பாமல் இருந்தாலோ, எஞ்சின் கொதிக்கையிலும் ஸ்விட்ச் இணைவதில்லை. தனக்கு எட்டிய வெப்பத்துக்கு அது சரியாகவே நடந்துகொள்கிறது. பிழை மின்சுற்றுக்கு வெளியே இருக்கிறது.

நியாய பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர் அப்பழைய தடைக்குத் தரும் விடை இங்கே பெரிதும் உதவுகிறது. வெறும் பெருக்கம் மழையின் அடையாளம் அன்று. விரைந்த ஓட்டமும் நுரையும், மிதந்துவரும் கனியும் இலையும் மரமும் சேர்ந்த பெருக்கமே மேலே பெய்த மழையைக் காட்டும். அடைப்பால் வரும் பெருக்கம் அத்தகையது அன்று என்பது அவர் கருத்தின் சாரம். பிழை அளவையிடம் இல்லை, ஏதுவை, அதாவது துணிவுக்கு ஆதாரமான அடையாளத்தை, அரைகுறையாகக் கண்டவரிடம் இருக்கிறது.

‘விசிறி ஓடவில்லை’ என்பதும் அத்தகைய அரைகுறைக் காட்சியே. மோட்டாரின் கம்பியைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டுவதையும், அதன்பின் மோட்டாரே பழுது என்று தீர்ப்பதையும் பட்டறைகளில் காணலாம். மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே இழுப்பதால், துருவேறிய கணுவும் அதன்முன் நல்ல கணுவாகவே தோன்றும். கணக்கின் எளிமைக்காக மோட்டாரை 1.5 ஓம் மின்தடையாகக் கொண்டால், குறையற்ற சுற்றில் 8 ஆம்பியர் ஓடும். எர்த் கணுவில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டால் ஓட்டம் 6 ஆம்பியராகக் குறைந்து, 3 வோல்ட் அக்கணுவிலேயே தொலைந்து, 18 வாட் அங்கே சூடாக மாறும். மோட்டாருக்கு 9 வோல்ட்டே எஞ்சும். மோட்டாரை இணைத்து, அது மின்சாரம் இழுக்கும்போது அளந்தால்தான் இக்குறை வெளிப்படும். சுமையோடு அளத்தல் என்பது வாத்ஸ்யாயனர் கேட்ட நுரையையும் இலையையும் தேடுவதேயாகும்.

இல்லாமையை அறிவதிலும் இத்தகைய நிபந்தனை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி, ஏதுக்களை இயல்பு, காரியம், அநுபலத்தி என மூன்றாக்கி, குளிர் இல்லாமையால் பனி இல்லாமையை அறிவதை அநுபலத்திக்குக் காட்டுகிறது. காணப்படாமையால் இல்லை எனத் துணிவதே அநுபலத்தி. இருந்திருந்தால் காணப்பட்டிருக்கும் என்ற உறுதி இருந்தாலன்றி அத்துணிவு செல்லாது எனப் பௌத்தரான தருமகீர்த்தி வரையறுத்தார். டெஸ்ட் லாம்ப் எரியவில்லை என்பதற்காக அக்கம்பியில் மின்சாரம் இல்லை என்று சொல்வதற்குமுன் அந்த விளக்கைப் பேட்டரியில் வைத்து எரியவிட்டுப் பார்க்கும் மெக்கானிக், தருமகீர்த்தியைப் படிக்காமலே அவர் சொற்படி நடக்கிறார்.

மணிமேகலையின் 29ஆம் காதை கூறும் ஏதுப்போலிகளுள், ஆவியோ பனியோ என ஐயுறும் நிலையிலேயே அதைப் புகையென்று கொண்டு நெருப்பு உண்டெனத் துணிவதும் ஒன்று. பானெட்டின் இடுக்கில் வெண்மையாக எழுவது கூலன்டின் ஆவியா, கம்பியுறை கருகும் புகையா என்று மணத்தால் பிரித்தறியாதவர் அப்போலிக்கே ஆட்படுகிறார்.

எனினும் வாத்ஸ்யாயனரின் விடையில் தீராத இடைவெளி ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நுரையும் இலையும் கவனிக்கத்தக்கவை என்பது, மழைவெள்ளத்தையும் அடைப்புவெள்ளத்தையும் முன்பே வேறுபடுத்தி அறிந்தவருக்கே தெரியும்; காரணத்தை அறியக் காரியத்தை நுணுகிக் காண வேண்டும், எவ்வாறு நுணுகுவது என்பதற்கோ காரணங்களை முன்னரே அறிந்திருக்க வேண்டும். பன்முறை கண்டு பழகிய அறிவே இவ்வட்டத்தை உடைக்கும் என்ற விடை நடைமுறைக்குப் போதுமானதே தவிர, காண்டல் ஒன்றையே அளவையாகக் கொள்ளும் பூதவாதியை அது வாயடைக்கச் செய்யாது. சூட்டில் மட்டும் விட்டுப்போய், பட்டறைக்கு வந்து ஆறியதும் சரியாகிவிடும் கணு, அவர் பக்கம் பேசும் சாட்சியாகவே நிற்கிறது.

இத்தகைய நிலையில் பட்டறை கைக்கொள்ளும் வழி ‘டைரக்ட்’ கொடுப்பது: வெப்ப ஸ்விட்ச்சைத் தாண்டி, சாவி போட்டதும் விசிறி ஓடும்படி கம்பியை இணைத்துவிடுவது. முள் ஏறுவதில்லை, வண்டிக்காரருக்கும் மனக்குறை இல்லை. அறிவின் மெய்ம்மை அதன்வழிச் செய்த செயலின் வெற்றியால் அறியப்படும் என்பது நியாய பாஷ்யத்தின் தொடக்கக் கொள்கை. இங்கே செயல் வென்றிருக்கிறது, காரணமோ அறியப்படவே இல்லை. ஆகவே வெற்றியை மட்டும் அளவுகோலாக்கும் கொள்கை, எந்த அறிவின் வெற்றி அது என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். கோளாறு எர்த் கணுவில் இருந்திருக்குமாயின், முன்பு விசிறி சுழன்ற நேரங்களில் மட்டும் சூடேறிய அக்கணு, இப்போது சாவி போட்டிருக்கும் நேரமெல்லாம் அதே 18 வாட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும்.